சுருதி நின்ற இடம்: பாம்பன் கரையில் ஓர் அபத்த நாடகம்

நாடகம் தொடங்கிப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். மணலில் கிடந்த வல்லத்துக்குள், அதாவது சிறிய நாட்டுப்படகுக்குள், நின்றபடி நடிகர்கள் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். பிரதியில் அந்த இடத்தில் ‘நீண்ட மௌனம்’ என்று எழுதியிருந்தேன். மதுரையில் ஒத்திகை பார்த்த மாடி அறையில் அதே மௌனத்தின்போது மின்விசிறியின் சத்தம்கூடப் பயமுறுத்தியது. இங்கே நான்கைந்து விநாடிதான் போயிருக்கும். முன்வரிசைச் சிறுவன் ஒருவன் எழுந்து, “மைக் போய்விட்டது!” என்று கத்தினான். ஜெனரேட்டர்காரர் வயரைப் பிடித்துக்கொண்டு ஓடினார். ஒலிபெருக்கிக்காரர் வல்லத்தருகே வந்து மைக்கை இரண்டு தட்டுத் தட்டினார். “ஹலோ, ஹலோ” என்று சொல்லிப் பார்த்துவிட்டு, “நன்றாகத்தான் இருக்கிறது, நீங்கள் பேசுங்கள்” என்று நடிகர்களுக்குத் தைரியம் சொன்னார். கூட்டம் சிரித்தது. அன்று இரவு கிடைத்த ஒரே நல்ல சிரிப்பு அதுதான். அதையும் நாங்கள் சம்பாதிக்கவில்லை.

அந்த இரவையும், பதினோரு நாள் கழித்து அதே ஊரில் நடந்த இன்னோர் இரவையும் இங்கே எழுதி வைக்கிறேன். ஒரே பிரதி, ஒரே வல்லம், ஏறக்குறைய அதே பார்வையாளர்கள். முதலாவது கவிழ்ந்தது, இரண்டாவது நின்றது. ஏன் என்பதுதான் கேள்வி.

போட்ட கணக்கு

எங்கள் கணக்கு எளிமையானது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. ஆண்கள் கரையில் இருப்பார்கள். வலையைச் சரிபார்ப்பார்கள், படகுக்கு வண்ணம் அடிப்பார்கள், இன்ஜினைப் பிரித்துப் போடுவார்கள், மற்ற நேரம் காத்திருப்பார்கள். தடைக்காலம் இல்லாத நாளிலும் இந்தக் கரை காத்துக்கொண்டுதான் இருக்கிறது: மீன்பிடி டோக்கனுக்கு, புயல் எச்சரிக்கை விலகுவதற்கு, ஏலத்தில் விலை படிவதற்கு, இலங்கைச் சிறையிலிருந்து ஆள் வருவதற்கு, ஆள் வந்த பிறகு படகு வருவதற்கு. காத்திருப்பதையே கருவாகக் கொண்ட நாடகத்தை இவர்களிடம் கொண்டுபோனால் ஒட்டாமல் போகுமா என்று நினைத்தோம்.

அப்படி நினைக்க ஒரு முன்கதையும் இருந்தது. ஐரிஷ் எழுத்தாளர் சாமுவேல் பெக்கெட்டின் ‘கோடோவுக்காகக் காத்திருத்தல்’, வராத ஒருவனுக்காக இருவர் காத்திருக்கும் நாடகம், 1953 ஜனவரி 5 அன்று பாரிஸில் பாபிலோன் என்ற சிறிய அரங்கில் ரோஜர் பிளேன் இயக்கத்தில் மேடையேறியது. படித்தவர்கள் பலர் தலையைச் சொறிந்தார்கள். அதே நாடகத்தை 1957 நவம்பர் 19 அன்று கலிபோர்னியாவின் சான் குவென்டின் சிறையில் சுமார் 1,400 கைதிகள் முன் ஹெர்பர்ட் பிளாவின் குழு நடத்தியபோது, அவர்கள் அதைச் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். கதையும் தர்க்கமும் குலைந்து வாழ்க்கையின் பொருளின்மையைக் காட்டும் நாடகங்களுக்கு ‘அபத்த அரங்கு’ என்ற பெயரை உலகெங்கும் பரப்பிய தன் 1961 ஆம் ஆண்டு நூலை விமர்சகர் மார்ட்டின் எஸ்லின் இந்தச் சம்பவத்தோடுதான் தொடங்குகிறார். நாடகப் பட்டறை நடத்துபவர்களுக்கு இது தலபுராணம் மாதிரி. நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

சொல்லும்போது இரண்டு விவரங்களை விட்டுவிடுவது வழக்கம். சிறைக்குள் அந்த நாடகத்தைக் கொண்டுபோக முடிந்ததற்கு ஒரு காரணம், அதில் பெண் பாத்திரம் இல்லை என்பது. இன்னொன்று ரிக் க்ளூச்சியைப் பற்றியது. ஆயுள் கைதியாக இருந்து, பின்னாளில் பெக்கெட்டின் இயக்கத்திலேயே நடித்தவர் அவர். அன்று இரவு அவர் அறைக்குள் பூட்டப்பட்டிருந்தார். நாடகத்தைப் பார்க்கவில்லை, ஒலிபெருக்கி வழியே கேட்டார். இந்தக் ‘கேட்டார்’ என்ற சொல்லை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

தனுஷ்கோடியில் நடத்தலாம் என்று குழுவில் ஒருவர் சொன்னார். 1964 டிசம்பர் புயலில் இடிந்த தேவாலயத்தின் சுவர்கள் பின்னால், இரு பக்கமும் கடல், படம் எடுத்தால் அருமையாக இருக்கும் என்றார். படம் அருமையாகத்தான் இருக்கும். மாலைக்குப் பிறகு அங்கே ஆட்களை இருக்கவிடுவதில்லை என்பது ஒரு தடை. அதைவிடப் பெரிய தடை, ஒரு ரயிலோடு ஆட்களைக் கடல் கொண்டுபோன இடத்தை எங்கள் தத்துவத்துக்குப் பின்திரையாகத் தொங்கவிட எனக்கு மனம் வரவில்லை. 1993 இல் அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக் போஸ்னியப் போரில் முற்றுகைக்குள் இருந்த சராயேவோவில் கோடோவை மெழுகுவத்தி வெளிச்சத்தில் நடத்தினார். அங்கே மெழுகுவத்தி அலங்காரம் அல்ல, மின்சாரம் இல்லை. அந்த வேறுபாடு முக்கியம்.

பெயரில்லாத நாடகம்

பெக்கெட்டின் பிரதியை எடுக்கவில்லை. அவர் இறந்தது 1989 இல். ஆசிரியர் இறந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு என்கிறது இந்தியச் சட்டம். போதாததற்கு, மேடைக்குறிப்பில் கைவைத்தால் அவர் பொறுத்துக்கொண்டவர் அல்லர். 1984 இல் அமெரிக்காவில் அவரது ‘எண்ட்கேம்’ நாடகம் சுரங்க ரயில் நிலையத்தில் நடப்பதாக மாற்றப்பட்டபோது, தன் எதிர்ப்பை நிகழ்ச்சி ஏட்டிலேயே அச்சிட வைத்தார். வல்லத்தையும் கச்சான் எனும் தென்மேற்குக் காற்றையும் உள்ளே விட்டிருந்தால் என்ன எழுதியிருப்பாரோ.

எனவே நாங்களே ஒன்று எழுதினோம். தண்ணீர் இல்லாத மணலில் இன்ஜின் இல்லாத ஒரு வல்லம், அதில் இரண்டு பேர். இன்ஜின் பழுதுபார்க்கப் போயிருக்கிறது, இன்று வந்துவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதுவரை இருவரும் வல்லத்துக்குள் இல்லாத தண்ணீரை வாளியால் இறைத்து இறைத்து வெளியே கொட்டுகிறார்கள். ஒரு பையன் வந்து, இன்று இல்லை, நாளை என்கிறான். மறுநாளும் அதே பேச்சு, அதே வாளி, அதே பையன். பையன் பெக்கெட்டிடம் கடன் வாங்கியவன், ஒப்புக்கொள்கிறேன். மொத்தம் ஐம்பது நிமிடம்.

நாடகத்துக்குப் பெயர் வைக்கவில்லை. நோட்டீசில் ‘நாடகம், இரவு 8 மணி’ என்று மட்டும் அச்சடித்தோம். அதை வாங்கிப் பார்த்த ஒவ்வொருவரும், “என்ன நாடகம்? வள்ளி திருமணமா, பவளக்கொடியா?” என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்குள்ளேயே விடை இருந்தது. எங்களுக்கு அது அப்போது நகைச்சுவையாகப் பட்டது.

கவிழ்ந்த இரவு

முதல் தவறு இடம். ராமேஸ்வரம் தீவின் தென்கடல் பக்கம், திறந்த மணல்வெளி. ஓர் உடைமரம் குடை விரித்த மாதிரி நின்றது. பெக்கெட்டின் மேடையில் ஒற்றை மரம் உண்டு என்ற ஒரே காரணத்துக்காக அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டோம். வைகாசியில் கச்சான் காற்று எழுந்துவிட்டால் தென்கடல் இரைந்துகொண்டே இருக்கும், வடகடல் குளம்போலக் கிடக்கும் என்பது அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். நாங்கள் யாரையும் கேட்கவில்லை.

காற்று வசனத்தில் பாதியைக் கொண்டுபோனது. அதைவிட மோசம், மௌனத்தை முழுவதுமாகக் கொண்டுபோனது. இதை நான் அதுவரை யோசித்ததே இல்லை. பெக்கெட்டின் பிரதியில் ‘மௌனம்’ என்பது வசனத்துக்கு நிகரான சரக்கு. ஆங்கில நாடகாசிரியர் ஹெரால்ட் பின்டர் மூன்று புள்ளி, இடைநிறுத்தம், மௌனம் என்று தராசில் நிறுத்தது போலப் பிரித்து எழுதினார். 1958 இல் அவரது ‘பிறந்தநாள் விழா’ லண்டனில் ஒரே வாரத்தில் மூட்டை கட்டியது. அதே ஆள் பின்னாளில் ஆங்கில நாடகத்தின் பேச்சு நடையையே மாற்றினார். பேசாமல் இருப்பதை ஒரு தாக்குதலாக, ஒரு பதுங்கலாக எழுத முடியும் என்று காட்டியதுதான் அவரது பெரிய வேலை. ஆனால் அந்த மௌனங்கள் அனைத்தும் நான்கு சுவரை நம்பி எழுதப்பட்டவை. கதவு சாத்திய இருட்டறையில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருப்பவர் இருமலைக்கூட அடக்கிக்கொள்வார். திறந்த கரையில் நடிகன் பேச்சை நிறுத்தினால் அங்கே மௌனம் வருவதில்லை. கடல் வருகிறது, ஜெனரேட்டர் வருகிறது, குழந்தை அழுகிற சத்தம் வருகிறது. நிறுத்தியதற்குப் பொருள் ஒன்றுதான்: மைக் போய்விட்டது.

அடுத்த தவறு பயிற்சியில் இருந்தது. இறைக்கும் காட்சியில் கூட்டத்திலிருந்து ஒருவர், “தம்பி, அணியத்துப் பக்கம் பலகை விட்டிருக்கும், அங்கே பாருங்கள்” என்று குரல் கொடுத்தார். அணியம் என்றால் படகின் முன்பகுதி. கிண்டல் பாதி, அக்கறை பாதி. எங்கள் நடிகர்கள் இருவரும் நன்றாகப் பயின்றவர்கள், பார்வையாளர் பக்கம் திரும்பவே கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள். காது கேளாதவர்கள் போலத் தொடர்ந்து இறைத்தார்கள். கேட்டவர் கொஞ்ச நேரத்தில் எழுந்து போனார். அவரோடு ஒரு வரிசையே எழுந்தது. கடைசியில் வந்தவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே இருந்தார்கள்.

ஒன்று மட்டும் எதிர்பாராமல் நடந்தது. இரண்டாம் பாதி, முதல் பாதியை அப்படியே திருப்பிப் போடுவது. கூட்டம் அங்கேதான் முழுவதுமாகக் கலையும் என்று பயந்திருந்தேன். மிச்சம் இருந்த பெண்கள் அப்போதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நடிகர் வாய் திறக்குமுன் அடுத்த வரியை அவர்களே சொன்னார்கள். ஒருவர் தப்பாகச் சொல்ல மற்றவர் திருத்தினார்.

பபூன் சொன்னது

மறுநாள் காலை டீக்கடையில் ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஸ்பெஷல் நாடகங்களில் பபூன் வேடம் கட்டுபவர், மாமனார் வீட்டுக்கு வந்திருந்தார். முந்தின இரவு கடைசிவரை இருந்து பார்த்திருக்கிறார்.

“தம்பி, உங்கள் ஆட்கள் சும்மா இருக்கிறார்கள். சும்மா இருப்பதைச் செய்துகாட்ட வேண்டாமா?” என்றார்.

ஸ்பெஷல் நாடகம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) கட்டிக்கொடுத்த வள்ளி திருமணம், பவளக்கொடி, அரிச்சந்திரா போன்ற நாடகங்கள் மதுரை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் வட்டாரக் கோயில் திருவிழாக்களில் இன்றும் விடிய விடிய நடக்கின்றன. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து, ஆர்மோனியம் இன்னோர் ஊரிலிருந்து. ஒவ்வொருவரையும் தனித்தனியாக ‘ஸ்பெஷலாக’ ஒப்பந்தம் செய்வார்கள். ஒத்திகை கிடையாது. அரிதாரம் பூசும் இடத்தில்தான் முகமே பார்த்துக்கொள்வார்கள். முதலில் பபூன் வருவார். கதைக்கும் அவருக்கும் சம்பந்தம் இருக்காது. ஆர்மோனியக்காரரோடு வம்பு, மிருதங்கக்காரரோடு வழக்கு, பிறகு டான்ஸ்காரப் பெண்ணோடு சண்டை என்று ஒன்றுமில்லாததை வைத்து ஒரு மணி நேரம் ஓட்டுவார். வள்ளியை முருகன்தான் கட்டிக்கொள்வான் என்பது எல்லோருக்கும் தெரியும். முடிவை அறிய யாரும் விழித்திருப்பதில்லை.

இதைப் பாரிஸோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே அபத்த நாடகாசிரியர் யூஜின் அயனெஸ்கோ ஆங்கிலம் கற்கும் பாடப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். கூரை மேலே இருக்கிறது, தரை கீழே இருக்கிறது, வாரத்துக்கு ஏழு நாள் என்ற மாதிரி வாக்கியங்கள் அவருக்கு மூச்சுமுட்டும் வேடிக்கையாகத் தோன்ற, அதிலிருந்து ‘வழுக்கைத்தலைப் பாடகி’ பிறந்தது. 1950 இல் மேடையேறியபோது பார்க்க ஆள் இல்லை. 1957 முதல் பாரிஸின் ஊஷெத் அரங்கில் நடந்து வருகிறது. கதை வேண்டும், பாத்திரத்துக்கு ஒரு நோக்கம் வேண்டும் என்று கேட்டுப் பழகிய கூட்டத்தோடு அவர்கள் சண்டை போட வேண்டியிருந்தது. பாம்பன் கூட்டத்தோடு அந்தச் சண்டையே தேவையில்லை. நாங்கள்தான் திறந்திருந்த கதவில் போய் முட்டிக்கொண்டிருந்தோம்.

அபத்தக்காரர்களுக்கும் பபூன் அந்நியன் அல்ல. பெக்கெட்டின் ஆட்கள் தொப்பிகளை மாற்றி மாற்றி அணிவதும் பூட்ஸைக் கழற்ற முடியாமல் திண்டாடுவதும் மௌனப்படக் கோமாளிகளின் சரக்கு. அவர் எழுதிய ஒரே திரைப்படத்தில் நடித்தவர் பஸ்டர் கீட்டன். கோடோவின் கடைசியில் காத்திருக்கும் இருவரில் ஒருவனான எஸ்ட்ரகனின் கால்சட்டை அவிழ்ந்து விழ வேண்டும். முதல் அரங்கேற்றத்தில் நடிகர் அதை இடுப்போடு பிடித்துக்கொண்டார் என்று கேள்விப்பட்ட பெக்கெட், கணுக்கால்வரை முழுவதுமாக விழ வேண்டும் என்று பிளேனுக்குக் கடிதமே எழுதினார். தூக்குக் கயிற்றைப் பற்றிப் பேசுகிற இடத்தில் அவருக்குக் கால்சட்டை அவ்வளவு முக்கியமாக இருந்தது. நாங்களோ இருவருக்கும் கறுப்பு உடை மாட்டி, முகத்தில் சாம்பல் பூசி நிறுத்தியிருந்தோம்.

நின்ற இரவு

பபூன் அண்ணனுக்குத் திருவிழா இல்லாத ஓர் இரவு கிடைத்தது. இரண்டு நிபந்தனை போட்டார். வடகடல் பக்கம் நடத்த வேண்டும். தனக்குப் பழகிய ஆர்மோனியக்காரரை அழைக்க வேண்டும். ஒத்திகைக்கு வரவில்லை. “என் முதல் வரி என்ன, பையன் எப்போது வருவான், அதை மட்டும் சொல்லுங்கள்” என்றார். எங்கள் நடிகர்களில் ஒருவர் விலகி இடம் கொடுத்தார். அவருக்கு அது வருத்தம்தான். இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஆர்மோனியம் என்றதும் நான் முகம் சுளித்தேன். பாட்டு வேண்டாம் என்றேன். பாட்டு இல்லை, சுருதி மட்டும் என்றார் ஆர்மோனியக்காரர். ஆடுபவர்கள் வல்லத்தில் ஏறியதிலிருந்து ஒரே சுருதியைப் பிடித்து விடாமல் வைத்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடத்தில் காது அதை மறந்துவிட்டது, தண்ணீரின் சலசலப்பை மறப்பது போல. ‘நீண்ட மௌனம்’ வந்த இடத்தில் துருத்தியிலிருந்து கையை எடுத்தார்.

அப்போதுதான் கடல் கேட்டது. அதுவரையும் கடல் அங்கேதான் இருந்தது.

யாரும் மைக்கைப் பார்க்கவில்லை. வாளியைப் பிடித்தபடி பபூன் அண்ணன் தலையை மட்டும் மெல்லத் திருப்பி ஆர்மோனியத்தைப் பார்த்தார். பிறகு வானத்தை, பிறகு வாளியை. ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சுருதி மறுபடி தொடங்கியதும் கூட்டம் மூச்சுவிட்ட சத்தம் எனக்குக் கேட்டது. நான்கு சுவருக்குப் பதிலாக ஒரு சுருதி. இந்த யோசனை எந்தப் புத்தகத்திலிருந்தும் எனக்கு வந்திருக்காது.

இறைக்கும் காட்சியில் முதல் இரவுக்காரர் இல்லை. வேறொருவர் குரல் கொடுத்தார், வாளி பிடிக்கும் முறை தப்பு என்று. பபூன் அண்ணன் உடனே வாளியை நீட்டினார். அவரும் கூச்சப்படாமல் எழுந்து வந்து, வேட்டியை மடித்துக் கட்டி, வல்லத்தில் ஏறி, கால் எங்கே ஊன்ற வேண்டும், முழங்கை எப்படி மடங்க வேண்டும் என்று விளக்கிக்கொண்டே பத்துப் பன்னிரண்டு வாளி இறைத்தார். சட்டென்று நிறுத்தி, “தண்ணீரைக் காணோமே” என்றார்.

“அதனால்தான் இத்தனை நாளாக இறைக்கிறோம்” என்றார் பபூன்.

அந்த வரி பிரதியில் இல்லை. இப்போது இருக்கிறது.

காரணம் தேடப் புறப்பட்டதால் ஒரு குறையைச் சொல்லிவிட வேண்டும். இடம், நடிகர், ஒலி மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினோம். எது காரணம் என்று பிரித்துக் காட்ட முடியாது. அடங்கிய வடகடலில் பழைய நடிகர்களே ஓரளவு தேறியிருப்பார்கள் என்று குழுவில் ஒருவர் இன்றும் வாதிடுகிறார். இருக்கலாம். மூன்றாவது முறை நடத்தி ஒவ்வொன்றாகப் பார்த்திருக்க வேண்டும். தடைக்காலம் முடிந்தது, வல்லத்தின் சொந்தக்காரருக்கு வல்லம் தேவைப்பட்டது.

காத்திருப்பவர் சொன்னது

இரண்டாம் இரவு முடிந்து ஒலிபெருக்கியை இறக்கிக்கொண்டிருந்தபோது, பாசி எடுக்கப் போகும் ஒரு பெரியம்மா வந்தார். நாடகம் பிடித்திருந்தது என்றார். நான் விடாமல், காத்திருப்பதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது இப்போது.

“அவர்களுக்கு வேறு வேலை இல்லை, தம்பி. வல்லத்திலேயே கிடக்கிறார்கள்” என்றார். “நான் என் மகனுக்காக இருந்தபோது பாசிக்கும் போனேன், சோறும் வடித்தேன், அலுவலகத்துக்கும் நடந்தேன். அவன் பெயர் தெரியும், படகு நம்பர் தெரியும், எந்த ஊர்ச் சிறை என்று தெரியும். இவர்களுக்கு இன்ஜினைக் கொண்டுவருகிறவன் யார் என்றே தெரியவில்லையே.”

எங்கள் கணக்கு இங்கேதான் கிழிந்தது. அந்தக் கரையின் காத்திருப்புக்குப் பெயரும் எண்ணும் முகவரியும் உண்டு. எல்லைக் கோடும், 1974 இந்திய–இலங்கை ஒப்பந்தமும், நீதிமன்ற வாய்தாவும் உண்டு. அதைப் ‘பிரபஞ்சத்தின் அர்த்தமின்மை’ என்று மொழிபெயர்த்தால் யாருடைய பொறுப்பையோ நாம் துடைத்துவிடுகிறோம். இரண்டாம் இரவு அவர்கள் சிரித்தது, தங்கள் வாழ்க்கையைக் கண்ணாடியில் பார்த்ததால் அல்ல. நேரம் சரியாக இருந்தது, அதனால் சிரித்தார்கள்.

அபத்த நாடகம் பிற்கால நாடகத்துக்குக் கொடுத்தது எது என்ற பழைய கேள்விக்கும் எனக்கு இந்த வழியாகவே ஒரு பதில் கிடைத்தது. அந்தத் தத்துவம் ஐரோப்பியப் போருக்குப் பிந்தையது. பிரெஞ்சு எழுத்தாளர் காம்யு 1942 இல், பாறையை ஓயாமல் மலையேற்றும் சிசிஃபஸைப் பற்றி எழுதியதன் நிழல் அதன்மேல் உண்டு. ஆனால் ஊர் ஊராகப் போனது தத்துவம் அல்ல, கைவேலை. நாடகாசிரியர் வாக்லாவ் ஹவேல் கம்யூனிஸ்ட் ஆட்சியிலிருந்த செக்கோஸ்லோவாகியாவில் அதை எடுத்துக்கொண்டு 1965 இல் தன் நாடகத்தின் அலுவலகம் ஒன்றில் யாருக்கும் புரியாத புது மொழியைப் புகுத்தினார். பார்த்தவர்களுக்கு அது எந்த அலுவலகம் என்று தெரிந்திருந்தது. நம் மயான காண்டத்தில் அரிச்சந்திரன் பெற்ற பிள்ளையின் பிணத்துக்கே கால் பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் கேட்கிறானே, ஹவேல் பார்த்திருந்தால் எழுந்து நின்று கைதட்டியிருப்பார். வங்காளத்தில் பாதல் சர்க்கார் ‘ஏவம் இந்திரஜித்’ எழுதினார், பிறகு படச்சட்ட மேடையையே விட்டு இறங்கி வெளியே வந்தார். தமிழில் ந. முத்துசாமி 1960களின் கடைசியில் ‘காலம் காலமாக’ போன்ற நாடகங்களோடு தொடங்கினார். அவற்றைப் புரியாத நாடகம் என்றார்கள். பிறகு அவர் புரிசை நடேசத் தம்பிரானின் கூத்தைப் பார்த்து அதில் மூழ்கினார், 1977 இல் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழு எழுந்தது. இதை அபத்தத்திலிருந்து மரபுக்குத் திரும்பிய கதையாகச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் பிரதிக்கு வேண்டிய நடிகனின் உடம்பை அவர் கூத்தில் கண்டுபிடித்தார் என்றுதான் படுகிறது.

நாங்கள் கல்லூரி மேடைகளில் கற்றுக்கொண்டது இதில் எதையும் அல்ல. மங்கல் வெளிச்சம், முதுகைக் காட்டி நிற்பது, அரை நிமிடத்துக்கு ஒருமுறை ‘சூனியம்’ என்ற சொல். என்னிடம் அதற்கென்றே ஒரு கறுப்பு ஜிப்பா இருந்தது.

ஆடி மாதத்தில் பபூன் அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். முதுகுளத்தூர் பக்கம் ஒரு திருவிழாவில் வள்ளி திருமணம், அதே ஆர்மோனியக்காரர். தன் முதல் ஒரு மணி நேரத்துக்குள் எங்கள் வாளியையும் இறைப்பையும் நுழைத்திருக்கிறார். அங்கே கடலும் இல்லை, வல்லமும் இல்லை, தண்ணீருக்கே பஞ்சம், அதனால் சிரிப்பு இன்னும் அதிகம் என்றார். சரியான இடத்தில் ஆர்மோனியக்காரர் கையை எடுத்திருக்கிறார். பந்தல் அடங்கியது. விழாக் கமிட்டிக்காரர் ஒருவர் பதறிப்போய் மேடையேறி, ஆர்மோனியத்தை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தாராம்.

“நீங்கள் என்ன செய்தீர்கள்?” என்று கேட்டேன்.

“வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டேன்” என்றார். “‘அண்ணே, இன்ஜின் கொண்டுவந்துவிட்டீர்களா?’ என்றேன்.”